ஆறு வாரம் ஆகியும் காய்ப்பு ஏறாத விரல்: ஒரு கிட்டார் மாணவியோட கேஸ், முழுசா

ஆறாவது வாரம் கிளாஸ் முடிஞ்சு கிட்டாரை பையில வச்சு ஜிப் போடும்போதுதான் அவங்க சொன்னாங்க, "மாஸ்டர், அடுத்த வாரத்துல இருந்து நான் வரல, என் விரல் கிட்டாருக்கு ஒத்துவராது போல". வயசு முப்பத்தஞ்சு இருக்கும், நாள் பூரா கம்ப்யூட்டர்ல வேலை, சின்ன வயசுல இருந்து ஆசைப்பட்டு இப்பதான் கத்துக்க நேரம் கிடைச்சு வந்தவங்க, ஒரு கிளாஸுக்குக்கூட லேட்டா வந்தது கிடையாது. அப்படிப்பட்டவங்க விட்டுட்டு போறேன்னு சொன்னது எனக்கு சுருக்குன்னு குத்துச்சு, ஏன்னா முதல் வாரத்துல இருந்து வலிக்குது வலிக்குதுன்னு அவங்க சொன்னப்பல்லாம் நான் ஒரே பதிலைத்தான் திருப்பித் திருப்பி சொல்லிட்டு இருந்தேன்: "எல்லாருக்கும் வலிக்கும், காய்ப்பு ஏறுற வரைக்கும் பொறுத்துக்கங்க". இந்த பதில் பாதிதான் சரி. மீதி பாதியைப் பத்தி சொல்லத்தான் இந்த கேஸை ஒண்ணு விடாம எழுதுறேன், அவங்க சம்மதத்தோட, பேர் போடாம.

கையைக் காட்டுங்கன்னேன். ஆறு வாரத்துல அன்னிக்குத்தான் அவங்க இடது கை விரல் நுனியை லைட்டுக்கு கீழ வச்சு ஒழுங்கா பார்க்கிறேன், முதல் கிளாஸ்லயே பார்த்திருக்கணும். ஆள்காட்டி விரல்ல மிளகு அளவு ஒரு கொப்புளம், பாதி உடைஞ்சு ஓரத்துல தோல் உரிஞ்சு தொங்குது. நடு விரல் பரவாயில்ல, லேசா கெட்டியாகி இருக்கு. மோதிர விரல்தான் என்னை யோசிக்க வச்சது, அதுல கம்பி பதிஞ்ச கோடு நாலஞ்சு இருந்துச்சு, ஒண்ணு மேல ஒண்ணு விழல, ஒண்ணு சாய்வா, ஒண்ணு குறுக்கா, எல்லாமே நகத்துல இருந்து ரொம்ப கீழ தள்ளி, விரலோட சதைப்பிடிப்பான நடுப்பகுதியில. நுனியில ஒரு கோடு கூட இல்ல. ஏன்னு பார்த்தா நகம் விரலைத் தாண்டி 2 மிமீ வளர்ந்திருக்கு, நகம் ஃப்ரெட்போர்டுல (கம்பிக்கு அடியில இருக்கிற பலகை) இடிக்குதுன்னு விரல் தானா படுத்துக்குது. படுத்த விரல்ல கம்பி ஒவ்வொரு தடவையும் ஒவ்வொரு இடத்துல உட்காருது.

இது சின்ன விஷயமா தெரியும், ஆனா காய்ப்புன்னா என்னன்னு தெரிஞ்சா இதோட கனம் புரியும். தோலோட மேல் அடுக்குல இருக்கிறதெல்லாம் செத்துப்போன, கெட்டியான செல்லுங்க. ஒரே இடத்துல திரும்பத் திரும்ப அழுத்தமும் உராய்வும் விழும்போது அடியில இருக்கிற செல்லுங்க வேகமா பெருகி மேல வந்து அந்த அடுக்கை தடிமனாக்குது, கடப்பாரை பிடிக்கிறவங்க உள்ளங்கையில வர்றதும் இதேதான். அடியில பிறந்த செல்லு மேல வந்து சேர சராசரியா ஒரு மாசம் போல ஆகும், அதனாலதான் ரெண்டு மூணு வாரத்துல லேசா கெட்டியாகுது, ஒரு மாசத்துக்கு மேல போனாத்தான் நிலையா நிக்குது. இதுக்கு ரெண்டு விஷயம் வேணும், அழுத்தம் அதே இடத்துல விழணும், ரெண்டு அழுத்தத்துக்கு நடுவுல தோலுக்கு கட்டிக்கிறதுக்கு நேரம் கிடைக்கணும். ஒரேயடியா போட்டு தேய்ச்சா காய்ப்பு வராது, தோலோட அடுக்கு உள்ள பிரிஞ்சு நடுவுல நீர் கோத்துக்கும், அதான் கொப்புளம். கொப்புளம் வந்து உடைஞ்சா அதுவரைக்கும் கெட்டியான தோலும் அதோட போயிடும், மறுபடி முதல்ல இருந்து. அவங்க விரல் ஆறு வாரமா இந்த சுத்துலதான் சுத்திட்டு இருந்துச்சு.

எப்போ பிராக்டிஸ் பண்றீங்கன்னு கேட்டேன். வாரநாள்ல நேரமே கிடைக்கிறது இல்லையாம், சனிக்கிழமை ரெண்டு மணி நேரம், ஞாயித்துக்கிழமை ரெண்டு மணி நேரம், விட்டதை எல்லாம் சேர்த்து பிடிக்கிற மாதிரி. அதுவும் எப்போன்னா ராத்திரி வீட்டு வேலை எல்லாம் முடிச்சு பாத்திரம் கழுவிட்டு கையைத் துடைச்ச கையோட உட்கார்றாங்க. தண்ணியில ஊறின தோல் எவ்வளவு மெத்துன்னு இருக்கும்னு எல்லாருக்கும் தெரியும், அதுல போய் இரும்புக் கம்பியை அழுத்தினா வெட்டாம என்ன பண்ணும். அஞ்சு நாள் சும்மா இருந்த விரல்ல, ஊறிப்போன தோல்ல, ரெண்டு மணி நேரம். திங்கக்கிழமை காலையில கீபோர்டு தட்டும்போது ஒவ்வொரு கீயும் சுரீர் சுரீர்னு இருக்கும்னு சொன்னாங்க, வியாழக்கிழமை வரைக்கும் இருக்குமாம். அப்புறம் இன்னொண்ணு, மீட்டிங்ல உட்கார்ந்திருக்கும்போது காய்ஞ்சு எழும்பி நிக்கிற தோலை இன்னொரு கை நகத்தால பிய்ச்சிட்டே இருப்பாங்களாம், அதை சொல்லும்போதும் பிய்ச்சிட்டுத்தான் இருந்தாங்க.

இதோட நிறுத்தியிருந்தா கேஸ் முடிஞ்சுதுன்னு நினைச்சிருப்பேன், நகத்தை வெட்டுங்க, தினமும் கொஞ்சம் கொஞ்சமா வாசிங்கன்னு அனுப்பியிருப்பேன். ஆனா போறதுக்கு முன்னாடி சும்மா அவங்க கிட்டாரை வாங்கி ஒரு சி கார்ட் (பல கம்பி சேர்ந்து ஒலிக்க விரல்களை வைக்கிற ஒரு பிடி) பிடிச்சேன். வருஷக்கணக்கா காய்ப்பு ஏறிப்போன என் விரலுக்கே முதல் ஃப்ரெட்ல (ஃப்ரெட்னா கிட்டார் கழுத்துல குறுக்கா பதிச்சிருக்கிற உலோகக் கோடு) கம்பி அமுங்க மாட்டேங்குது. ஆறு வாரமா கிளாஸ்ல என் கிட்டார்ல நான் வாசிச்சுக் காட்டுறேன், அவங்க அவங்க கிட்டார்ல கஷ்டப்படுறாங்க, ரெண்டும் ஒரே மாதிரிதான் இருக்கும்னு நான் பாட்டுக்கு நினைச்சிட்டு இருந்திருக்கேன்.

கிட்டாரை அளந்தது

ஸ்டீல் ரூலரும் ஃபீலர் கேஜும் (சின்ன சந்தை அளக்கிற மெல்லிசு தகடுங்க) எடுத்து உட்கார்ந்தோம். 12வது ஃப்ரெட்டோட மேல்பரப்புல இருந்து கம்பியோட அடிப்பக்கம் வரைக்கும் இருக்கிற இடைவெளியைத்தான் ஆக்ஷன்னு சொல்றது. அக்கூஸ்டிக் கிட்டாருக்கு தடிச்ச ஆறாவது கம்பியில 2.4 மிமீ, மெல்லிசான முதல் கம்பியில 1.6 மிமீ பக்கத்துல இருந்தா சொகுசா இருக்கும். இவங்களோடதுல ஆறாவது கம்பி 3.5, முதல் கம்பி 2.8. சரி, ஆக்ஷன் தூக்கி இருக்கு, புது கிட்டார்ல இது சகஜம்தான். ஆனா சி கார்ட் அவ்வளவு கஷ்டமா இருந்ததுக்கு இது மட்டும் காரணமா இருக்க முடியாது, ஏன்னா சி கார்டை பிடிக்கிறது நட்டுக்கு (கழுத்தோட தலைப்பக்கம் கம்பிங்க பள்ளத்துல உட்கார்ற சின்ன கட்டை) பக்கத்துல, அங்க கம்பி எவ்வளவு உயரம்ங்கிறதை முடிவு பண்றது நட்தான்.

முதல் ஃப்ரெட் மேல அளந்தேன். ஆறாவது கம்பி 1.1 மிமீ, முதல் கம்பி 0.8. வழக்கமா 0.6, 0.4 இருந்தா போதும். கிட்டத்தட்ட ரெண்டு மடங்கு. கேஜ் இல்லாதவங்க இதை வேற மாதிரி பார்க்கலாம், கம்பியை ரெண்டாவது ஃப்ரெட்டுக்கும் மூணாவது ஃப்ரெட்டுக்கும் நடுவுல அழுத்திப் பிடிச்சுட்டு முதல் ஃப்ரெட் மேல கம்பிக்கு கீழ எவ்வளவு சந்து இருக்குன்னு பாருங்க, ஒரு மெல்லிசு பேப்பர் நுழையிற அளவு இருந்தா நட் சரி. இவங்களோடதுல விசிட்டிங் கார்டையே உள்ள விட முடிஞ்சுது. இன்னும் சுலபமான வழி கேபோ, அதாவது எல்லா கம்பியையும் ஒரே ஃப்ரெட்ல அழுத்திப் பிடிக்கிற கிளிப். முதல் ஃப்ரெட்ல கேபோ மாட்டிட்டு அதே கார்டை ஒரு ஃப்ரெட் தள்ளி பிடிச்சுப் பாருங்க, திடீர்னு வெண்ணெய் மாதிரி அமுங்குச்சுன்னா பிரச்சனை உங்க விரல்ல இல்ல, நட்ல இருக்கு. அவங்க கையில கேபோ போட்ட கிட்டாரைக் கொடுத்து வாசிக்கச் சொன்னப்ப அவங்க முகத்தைப் பார்க்கணுமே, "இவ்வளவுதானா மாஸ்டர்?"னு கேட்டாங்க. எனக்கு பதில் வரல.

ஏன் நட் உயரம் இவ்வளவு படுத்துதுன்னு கொஞ்சம் விளக்கமா சொல்றேன், ஏன்னா நிறைய பேர் 12வது ஃப்ரெட்டை மட்டும் அளந்துட்டு விட்டுடுறாங்க. துணி காயப்போடுற கொடியை நடுவுல பிடிச்சு இழுங்க, சுலபமா வரும். ஆணிக்கு பக்கத்துல பிடிச்சு அதே அளவு இழுக்கப் பாருங்க, வராது. கம்பியும் அப்படித்தான். 648 மிமீ ஸ்கேல் (அதிர்ற கம்பியோட நீளம்) இருக்கிற கிட்டார்ல முதல் ஃப்ரெட் நட்ல இருந்து வெறும் 36 மிமீ தூரத்துல இருக்கு, 12வது ஃப்ரெட் சரி பாதியில 324 மிமீல இருக்கு. கணக்கு போட்டா அதே 1 மிமீ உயரத்தை இறக்க 12வது ஃப்ரெட்டை விட முதல் ஃப்ரெட்ல நாலரை மடங்குக்கு மேல விசை வேணும். அதனால நட்ல அரை மிமீ கூட இருக்கிறது பார்வைக்கு ஒண்ணுமே இல்லாத மாதிரி இருக்கும், விரலுக்கு மலை. புதுசா கத்துக்கிறவங்க வாசிக்கிறது எல்லாமே முதல் மூணு ஃப்ரெட்லதான், அதாவது யாருக்கு விரல் இன்னும் மெத்துன்னு இருக்கோ அவங்களைத்தான் கிட்டாரோட ரொம்ப கஷ்டமான இடத்துல உட்கார வைக்கிறோம், இதை நினைச்சா எனக்கு இப்பவும் மனசு கேக்கல.

கம்பி 12-53 செட், அதாவது முதல் கம்பி 0.012 இஞ்ச், ஆறாவது 0.053. கிட்டாரோட வந்ததே அப்படியே இருக்கு, மூணாவது கம்பி தொட்டா சொரசொரன்னு, துரு. துருப்பிடிச்ச கம்பி உப்புத்தாள் மாதிரி, கார்ட் மாத்தும்போது விரல் கம்பி மேல நகர்ற ஒவ்வொரு தடவையும் தோலை சுரண்டும்.

கடைசியா அவங்க அழுத்துற விதம். ஜி கார்ட் பிடிக்கச் சொல்லி பக்கத்துல இருந்து பார்த்தேன். நகத்துக்கு அடியில இருக்கிற ரோஸ் நிறம் முழுசா வெளுத்துப்போச்சு, அந்த அளவுக்கு இறுக்குறாங்க. கட்டைவிரல் பின்னாடி இடுக்கி மாதிரி நெக்கை (கிட்டாரோட கழுத்தை) நெரிக்குது, தோள்பட்டை காதுகிட்ட ஏறி நிக்குது. விரல் ரெண்டு ஃப்ரெட்டுக்கு நட்டநடுவுல விழுது, ஃப்ரெட்டை ஒட்டி விழல. நடுவுல அழுத்தினா சத்தம் தெளிவா வர இன்னும் அதிகமா அழுத்தணும், ஃப்ரெட்டுக்கு பக்கத்துல போனா பாதி வேலை குறையும்.

என்ன பண்ணோம்

முதல்ல விரல். கொப்புளம் பாதி உடைஞ்சிருந்ததால சோப்பு போட்டு கழுவி, தொங்கின தோலை இழுத்துப் பிய்க்காம அப்படியே படிய வச்சு, கொஞ்சம் வாசலைன் தடவி பேண்டேஜ் போடச் சொன்னேன். உடையாத கொப்புளமா இருந்தா ஊசியால குத்தவே கூடாது, மேல இருக்கிற தோல்தான் அதுக்கு மூடி. நாலு நாள் இடது கைக்கு முழு ஓய்வு. ஆனா கிட்டாருக்கு ஓய்வு இல்ல, இடது கையை கம்பி மேல சும்மா போர்வை மாதிரி படுக்க வச்சு சத்தத்தை அடக்கிட்டு வலது கையால ஸ்ட்ரம்மிங் மட்டும் பண்ணச் சொன்னேன். நாலு நாள்ல அவங்க தாளம் எவ்வளவு முன்னேறிச்சுன்னு பார்த்து எனக்கே ஆச்சரியம்.

அந்த நாலு நாள்ல கிட்டாரை எனக்குத் தெரிஞ்ச ரிப்பேர்காரர்கிட்ட கொண்டுபோனேன். இங்க வரிசை முக்கியம். முதல்ல நட், அப்புறம்தான் சேடில் (உடம்புப் பக்கம் கம்பிங்களைத் தாங்குற சின்ன கட்டை). சேடில்ல 1 மிமீ தேய்ச்சா 12வது ஃப்ரெட்ல 0.5 மிமீ இறங்கும், ஏன்னா 12வது ஃப்ரெட் பாதி தூரத்துல இருக்கு. அந்தக் கணக்குப்படி 3.5-ஐ 2.5 ஆக்க 2 மிமீ தேய்க்கணும்னு தோணும். ஆனா நட் பள்ளத்தை 0.5 மிமீ இறக்கும்போதே 12வது ஃப்ரெட்ல 0.25 தானா இறங்கிடும், அதனால சேடில்ல 1.5 மிமீ போதும். மாத்தி செஞ்சு சேடிலை முதல்லயே 2 மிமீ தேய்ச்சிருந்தா கடைசியில அளவுக்கு மீறி இறங்கியிருக்கும், தேய்ச்சதை ஒட்ட முடியாது, புது சேடில்தான் போடணும். நட் பள்ளத்தை வீட்ல நீங்களா அறுக்காதீங்க, ஒரு இழுப்பு கூடினா அந்தக் கம்பியை விரல் வைக்காம வாசிக்கும்போது முதல் ஃப்ரெட்ல இடிச்சு ஜிர்ருனு கத்தும். சேடில் பரவாயில்ல, கழட்டி சமமான கண்ணாடி மேல உப்புத்தாள் வச்சு அடிப்பக்கத்தை மெதுவா தேய்க்கலாம், பென்சில்ல கோடு போட்டுட்டு.

கம்பியையும் 10-47 செட்டுக்கு மாத்தினோம். அவங்க ஒரு நல்ல கேள்வி கேட்டாங்க, மெல்லிசு கம்பின்னா கத்தி மாதிரி இன்னும் ஆழமா வெட்டாதான்னு. வெட்டாது, அதுக்கு காரணம் இருக்கு. ஒரே ஸ்ருதியில நிக்க கம்பிக்கு தேவையான இழுவிசை அதோட விட்டத்தோட வர்க்கத்தைப் பொறுத்தது. 0.012-ல இருந்து 0.010-க்கு வந்தா அகலம் 17 சதவீதம்தான் குறையுது, இழுவிசை 30 சதவீதம் குறையுது. விரலுக்கு லாபம்தான். கூடவே எல்லா கம்பியையும் அரை ஸ்டெப் (ஒரு ஃப்ரெட் அளவு ஸ்ருதி) இறக்கி டியூன் பண்ணச் சொன்னேன், அதுல இன்னொரு 11 சதவீதம் குறையும், ஒரு முழு ஸ்டெப் இறக்கினா 20 சதவீதம். தனியா வாசிக்கும்போது யாருக்கும் வித்தியாசம் தெரியாது, கூட யாராவது வாசிச்சா முதல் ஃப்ரெட்ல கேபோ போட்டா பழைய ஸ்ருதி வந்துடும்.

சிலபேர் மெல்லிசு கம்பி போடுறதை, டியூனிங் இறக்குறதை ஏதோ குறுக்கு வழி மாதிரி பேசுவாங்க. பிளாக் சபாத் பேண்டோட கிட்டாரிஸ்ட் டோனி ஐயோமியைப் பத்தி அவங்களுக்கு நான் சொல்றதுண்டு. 1965-ல, 17 வயசுல, ஃபேக்டரியில தகடு வெட்டுற மெஷின்ல மாட்டி வலது கை நடு விரல், மோதிர விரல் ரெண்டோட நுனியும் போச்சு. அவர் இடது கைக்காரர், வலது கையாலதான் ஃப்ரெட்டை அழுத்தணும். பிளாஸ்டிக் பாட்டிலை உருக்கி விரலுக்கு தொப்பி செஞ்சு, அது மேல தோல் ஒட்டி, அப்போ மெல்லிசு கிட்டார் கம்பி சரியா கிடைக்காததால பான்ஜோ கம்பியை மாட்டி வாசிச்சார், பின்னாடி டியூனிங்கையும் ஒன்றரை ஸ்டெப் வரைக்கும் இறக்கினார். ஹெவி மெட்டலோட அந்த கனமான சத்தம் பிறந்ததுல வலிக்காம வாசிக்க ஒரு மனுஷன் தேடின வழிக்கு பெரிய பங்கு இருக்கு. இதைவிட பெரிய அனுமதி யாருக்கு வேணும்?

அழுத்தத்தைக் குறைக்க ஒரு பயிற்சி கொடுத்தேன், இதை எல்லாருக்கும் சொல்வேன். மூணாவது ஃப்ரெட்டை ஒட்டி மூணாவது கம்பி மேல விரலை அழுத்தாம சும்மா வைங்க, மீட்டுங்க, டப்புனு செத்த சத்தம் வரும். மீட்டிட்டே கொஞ்சம் கொஞ்சமா அழுத்தத்தை கூட்டுங்க. செத்த சத்தம், அப்புறம் ஜிர்ருனு ஒரு சத்தம், அப்புறம் திடீர்னு தெளிவான ஸ்வரம். தெளிவான அந்த நொடியில நிறுத்துங்க, அவ்வளவுதான் தேவை, அதுக்கு மேல கொடுக்கிறது எல்லாம் வீண், விரலுக்கு மட்டும்தான் போய் சேருது. அவங்க வழக்கமா கொடுத்த அழுத்தத்துல பாதிகூட தேவைப்படலன்னு அவங்களே சொன்னாங்க. கட்டைவிரலை நெக்ல இருந்து எடுத்துட்டே ஒரு கார்ட் பிடிச்சு பாருங்கன்னேன், கை எடையும் தோளும் பின்னாடி இழுக்கிறதுலயே கம்பி அமுங்குது. சரி பண்ணின கிட்டார்ல முடியுது, பழைய உயரத்துல இது நடக்கவே நடக்காது.

பிராக்டிஸ் நேரம்: ஒரு தடவைக்கு பத்து நிமிஷம், ஒரு நாளைக்கு மூணு தடவை, தினமும். காலையில வேலைக்கு உட்கார்றதுக்கு முன்னாடி, மதியம், சாயங்காலம். தண்ணியில கை வச்சா ஒரு மணி நேரம் கழிச்சுத்தான் கிட்டார். எரிச்சல் ஆரம்பிச்சா நிறுத்தணும், சுரீர்னு ஆகுற வரைக்கும் போகக்கூடாது. நகம் ஒட்ட வெட்டணும். பிய்க்கிற பழக்கத்துக்கு பதிலா பையில ஒரு நகம் தேய்க்கிற அரம், தோல் ஓரம் எழும்பினா தேய்ச்சு சமமாக்கணும், அந்த ஓரம்தான் கம்பியில மாட்டி காய்ப்பை மொத்தமா கிழிக்கும். ஒவ்வொரு தடவை முடிச்சதும் வலிக்கு பூஜ்யத்துல இருந்து பத்துக்குள்ள ஒரு மார்க் போட்டு நோட்டுல எழுதச் சொன்னேன்.

வலி திரும்பி வந்தது

முதல் வாரம் நோட்டுல 3, 3, 2, 3, 2. அதுக்கு முன்னாடி வார இறுதியில 8 இருக்கும்னு அவங்களே சொல்லியிருந்தாங்க, அதனால நான் ரொம்ப சந்தோஷமா இருந்தேன். ரெண்டாவது வாரம் நடுவுல 5. அடுத்த நாள் 6. நகம் வெட்டித்தான் இருக்கு, நேரம் பத்து நிமிஷம்தான், தண்ணியில கை வைக்கல. எனக்கு ஒண்ணும் பிடிபடல.

கிளாஸுக்கு வந்து வாசிக்கச் சொன்னேன். ஈ மைனர் சுத்தமா வந்துச்சு. சி கார்ட் பிடிச்சப்ப ரெண்டாவது கம்பியில ஜிர்ருனு ஒரு கத்தல், உடனே அவங்க விரல் நகம் வெளுத்துச்சு. அங்கதான் விஷயம். கத்தல் வந்தா தான் சரியா அழுத்தலன்னு நினைச்சு இன்னும் அழுத்துறாங்க, அது தப்பே கிடையாது, நான் சொல்லிக் கொடுத்த பயிற்சியே அதைத்தான் சொல்லுது, கத்தல் போற வரைக்கும் கூட்டுங்கன்னு. ஆனா இந்தக் கத்தல் எவ்வளவு அழுத்தினாலும் போகாது, ஏன்னா அது விரலால வரல, நெக்கால வருது.

12-53 கம்பி எல்லாம் சேர்ந்து நெக்கை எழுபது கிலோவுக்கு மேல இழுத்துப் பிடிச்சிருக்கும். அந்த இழுப்புக்கு ஏத்த மாதிரி நெக்குக்கு உள்ள ஓடுற இரும்புத் தண்டை, அதாவது ட்ரஸ் ராடை, டைட் பண்ணி, நெக்ல துளியூண்டு குழிவு விட்டு வச்சிருப்பாங்க, அந்தக் குழிவுதான் கம்பி அதிர்றதுக்கு இடம் கொடுக்குது. நாம கம்பியையும் மெல்லிசாக்கி டியூனிங்கையும் இறக்கினதும் இழுப்பு மூணுல ஒரு பங்கு போல போயிடுச்சு, ட்ரஸ் ராட் மட்டும் பழைய இறுக்கத்துலயே இருக்கு, ஒரு வாரத்துல நெக் மெதுவா நிமிர்ந்து பின்னாடி போயிடுச்சு. முதல் ஃப்ரெட்லயும் 14வது ஃப்ரெட்லயும் கம்பியை அழுத்திப் பிடிச்சு 7வது ஃப்ரெட் மேல பார்த்தேன், சந்தே இல்ல, தட்டினா கம்பி அசையல. ட்ரஸ் ராடை கால் சுத்து லூஸ் பண்ணினோம், மறுநாள் பார்த்தப்ப 0.2 மிமீ சந்து. கத்தல் போச்சு. நோட்டுல மறுபடி 3.

செட்டப் முடிஞ்ச அன்னிக்கு எல்லாம் கச்சிதமா இருந்துச்சு, அதனாலதான் நான் ஏமாந்தேன். கம்பி கனத்தை மாத்தினா நெக் அடங்க ரெண்டு மூணு நாளாவது விட்டு மறுபடி அளந்து பார்த்திருக்கணும். இப்ப யாருக்கு கம்பி மாத்தினாலும் ஒரு வாரம் கழிச்சு கிட்டாரை ஒரு தடவை காட்டுங்கன்னு கையோட சொல்லி அனுப்புறேன்.

நடுவுல கேட்ட மத்த வழிங்க

அவங்க கையில ஏற்கனவே சிலிகான் விரல் உறை ஒரு செட் இருந்துச்சு. காயம் ஆறுற நேரத்துல ஒண்ணு ரெண்டு நாள் போட்டுக்கலாம், மத்தபடி வேண்டாம்னேன், அது போட்டா கம்பி விரலுக்கு தெரியாது, தெரியாததால இன்னும் அழுத்துவீங்க, தோலும் கெட்டியாகாது. மரத்துப் போற ஜெல் தடவுறது அதைவிட மோசம், வலிதான் நிறுத்துன்னு சொல்ற ஒரே குரல், அதை அடக்கிட்டு ஒரு மணி நேரம் வாசிச்சா அடுத்த நாள் தோல் இருக்காது. ஸ்பிரிட்ல விரலை முக்குறதை நிறைய பேர் சொல்றாங்க, தோல் காயும், உண்மைதான், ஆனா அளவு மீறினா வெடிக்கும். ப்ளூஸ் கிட்டாரிஸ்ட் ஸ்டீவி ரே வான் விரல்ல சூப்பர் க்ளூ போட்டு வாசிச்சார்னு ஒருத்தர் சொன்னாராம். போட்டார்தான், ஆனா அவர் வாசிச்சது 13-ல தொடங்குற தடிச்ச கம்பி, மேடை மேடையா, இருக்கிற காய்ப்பு கிழிஞ்சப்ப நிகழ்ச்சியை நிறுத்த முடியாம போட்டது. அப்படிப்பட்டவரே அரை ஸ்டெப் இறக்கித்தான் டியூன் பண்ணியிருந்தார். கடையில விக்கிற க்ளூவை திறந்த காயத்துல ஊத்தினா எரியும், புண்ணாகும். பத்து நிமிஷம் வாசிக்கிற நமக்கு அது எதுக்கு.

நைலான் கம்பி கிட்டார் வாங்கிடலாமான்னும் கேட்டாங்க. வாங்கலாம், விரலுக்கு ரொம்ப இதமா இருக்கும், ஸ்டீல் கம்பியோட இழுவிசையில பாதியைத் தாண்டி கொஞ்சம்தான் இருக்கும், ஆனா நெக் அகலம், சத்தமும் வேற. அவங்களுக்கு பிடிச்ச பாட்டுங்களுக்கு ஸ்டீல்தான் சரி. ஒண்ணு மட்டும், நைலான் கிட்டார்ல ஸ்டீல் கம்பியை மாட்டிடாதீங்க, அந்த இழுப்பை தாங்காம கம்பியைக் கட்டியிருக்கிற பிரிட்ஜே பிய்ஞ்சு வரும்.

இந்த கேஸ்ல விரலைப் பார்த்த அன்னிக்கே நான் கேட்டு ஒதுக்கின சில விஷயம் இருக்கு, அதையும் சொல்லிடணும். அரிப்பு இருக்கா, கம்பி படாத இடத்துலயும் சிவந்து தடிக்குதான்னு கேட்டேன், இருந்தா அது நிக்கல் அலர்ஜியா இருக்கலாம், எலக்ட்ரிக் கிட்டார் கம்பியில நிக்கல் பூச்சு சகஜம், சாதாரண கம்மல், வாட்ச் பட்டியிலயே அரிக்கிறவங்க கவனமா இருக்கணும். நுனி மட்டும் லேசா மரத்த மாதிரி இருந்து கொஞ்ச நேரத்துல சரியானா பயமில்ல. ஆனா மரத்துப்போறது விரல் பூரா உள்ளங்கை வரைக்கும் இறங்கினாலோ, ராத்திரி தூக்கத்துல கட்டைவிரல், ஆள்காட்டி விரல், நடு விரல் மதமதன்னு இருந்து எழுப்பினாலோ அது தோல் சமாச்சாரம் இல்ல, மணிக்கட்டுல நரம்பு அமுங்குது, டாக்டர்கிட்ட போகணும். நுனி வீங்கி விண்ணு விண்ணுன்னு தெறிச்சா, சீழ் வைச்சா, சிவப்பு பரவினா அன்னிக்கே போகணும். சுகர் இருக்கிறவங்களுக்கு காயம் ஆற நாளாகும், வலியும் முழுசா தெரியாம போகலாம், அவங்க ஒவ்வொரு தடவை வாசிச்சதுக்கு அப்புறமும் விரலைக் கண்ணால பார்க்கிறது நல்லது. இவங்களுக்கு இது எதுவும் இல்ல.

செட்டப் பண்ணி அஞ்சாவது வாரம் மூணு விரல் நுனியிலயும் கெட்டியா, மங்கலான மஞ்சள் கலர்ல வழுவழுன்னு காய்ப்பு. நோட்டுல 1, 0, 1. இருபது நிமிஷமா கூட்டினோம், ஏழாவது வாரம் டியூனிங்கை பழைய ஸ்ருதிக்கு ஏத்தினோம், அதுக்கு அப்புறம் ஒரு வாரம் விட்டு நெக்கையும் அளந்தோம், மாறல.

ஒன்பதாவது வாரம் ராத்திரி ஒரு போட்டோ அனுப்பினாங்க, பதட்டமா. ஆள்காட்டி விரல் காய்ப்பு வட்டமா ஒரு பக்கம் உரிஞ்சு எழும்பி நிக்குது. எல்லாம் போச்சு மாஸ்டர், மறுபடி முதல்ல இருந்தான்னு கேட்டாங்க. உரிஞ்ச தோலுக்கு அடியில விரலால தொட்டுப் பாருங்க, மெத்துன்னு இருக்கா கெட்டியா இருக்கான்னு கேட்டேன். கொஞ்ச நேரம் பதில் இல்ல. அப்புறம் வந்துச்சு, "கெட்டியாத்தான் இருக்கு". பழைய மேல் அடுக்கு கழண்டுது, அவ்வளவுதான், அடியில புது காய்ப்பு ஏற்கனவே நிக்குது. அரத்தால ஓரத்தை தேய்ச்சுட்டு வாசிங்கன்னு சொன்னேன், வாசிச்சாங்க, அன்னிக்கு மார்க் 1.

இப்ப எஃப் கார்ட் ஆரம்பிச்சிருக்கோம். ஆள்காட்டி விரலை குறுக்கா படுக்க வச்சு ஆறு கம்பியையும் அழுத்துறதால விரலோட பக்கவாட்டுல, முதல் மடிப்புக்கு கிட்ட, புதுசா ஒரு இடத்துல வலிக்குதாம். போன கிளாஸ்ல கேஜை எடுத்து முதல் ஃப்ரெட்டை மறுபடி அளந்தேன், முதல் கம்பி 0.4, ஆறாவது 0.6, அப்படியே இருக்கு. விரலை கொஞ்சம் பக்கவாட்டுல சாய்ச்சு, ஃப்ரெட்டை ஒட்டி வைக்கச் சொல்லியிருக்கேன். பத்து நிமிஷம், மூணு தடவை, நோட்டுல புதுப் பக்கம்.